ஏழாயிரத்துக்குத் திருப்பிய குமிழ்

கொழிஞ்சாம்பாறை,
14.9.1976

கேப்டன் குப்பண்ணன் அவர்களுக்கு ஈஸ்வரமூர்த்தி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். எப்போதும் ‘அண்ணா’ என்றுதான் தொடங்குவேன். இன்றைக்குக் கை வரவில்லை.

நீங்கள் அனுப்பிய வாக்குமூலம் கிடைத்தது. தானியங்கிக் கருவி பழுதாகி விமானத்தைத் தானே மலைப்பக்கம் தாழ இறக்கிவிட்டது என்று அழகாக டைப் அடித்து, என் கையெழுத்துக்கு இடமும் விட்டிருக்கிறீர்கள். கருவி பழுதென்றால் அதைச் சரிபார்த்த மெக்கானிக் பரீதுதான் குற்றவாளி. ஏற்கெனவே அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நாம் கையெழுத்துப் போட்டால் அவர் வேலையே போய்விடும்.

கருவிக்கு ஒரு கேடும் இல்லை. மலை தாண்டும்வரை பதினோராயிரம் அடியில் நிற்க வேண்டிய விமானத்துக்கு நீங்கள் கருவியின் உயரக் குமிழை ஏழாயிரத்துக்குத் திருப்பினீர்கள். அது சொன்னபடி கேட்டது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

பழைய விமானத்தில் மூன்று பேர் இருந்தோம். ஆயிரம் அடிக்கொரு தரம் ஒருவர் உயரத்தைச் சத்தமாகச் சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்வார். இந்தத் தானியங்கி எந்திரம் வந்ததும் வேலை குறையும் என்று மூன்றாவது ஆளை நீக்கினார்கள். அவர் வேலையும் நம் தலையில் விழுந்தது. நீங்கள் ரேடியோவில், நான் வரைபடத்தில், ஆளுக்கொரு பக்கம் குனிந்தே கிடந்தோம். முந்தின வாரம் நான் பழக்கத்தில் உயரத்தைச் சொன்னதற்கு, அதுதான் எந்திரம் பார்க்குதே, நீ எதுக்குக் கத்தறே என்று பணிப்பெண்ணின் முன்னால் சிரித்தீர்கள். அந்த ரோஷம்தான் என் வாயைக் கட்டியது. மேகம் விலகித் தேயிலைச் செடி தெரிந்தபோதுதான் ‘மலை’ என்று அலறினேன். நீங்கள் விமானத்தை மேலே இழுத்தீர்கள், மயிரிழையில் தப்பினோம். பின்னால் எழுபது உயிர்களை வைத்துக்கொண்டு ரோஷம் பார்த்தேனே! என்னை நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது.

போன வாரம் அந்த மலையில் இருக்கும் சூரியநெல்லித் தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். விமானம் தலைக்கு மேல வந்துச்சு சார், கூடையப் போட்டுட்டுக் குப்புற விழுந்தோம் என்றார் கொழுந்து கிள்ளும் மதலேனம்மாள். அதில் இருந்தவன் நான்தான் என்று சொல்லாமலே திரும்பினேன்.

அங்கிருந்து புதுநகரத்தில் பரீது வீட்டுக்கும் போனேன். ஆறுதல் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்து அவர் மனைவி டீயும் வறுவலும் கொண்டுவந்து வைத்தார். எந்த ஸ்க்ரூவை முடுக்காம விட்டேன்னே தெரியலையே சார் என்று பரீது என்னிடமே கேட்டார். செய்யாத தப்பைத் தன் கையில் தேடிக்கொண்டிருக்கிறார். டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

உங்கள் தாளைக் கிழித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை விசாரணை அதிகாரிக்கு என் வாக்குமூலத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். நீங்கள் திருப்பியதும் நான் வாய்மூடி இருந்ததும் அதில் இருக்கும். வேலை போனால் கடலைக்காட்டில் களை பறித்துக்கொள்கிறேன். உங்களுக்குத் தெரியாமலே அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்தால் இரண்டாம் தடவையும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தவன் ஆவேன்.

அதனால் நேரம் இருக்கும்போதே சொல்கிறேன். மலை வருகிறது, அண்ணா. வெள்ளிக்கிழமைக்குள் நீங்களும் உண்மையை எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
பக்கத்து இருக்கையில் இருந்த
ஈஸ்வரமூர்த்தி