ரத்தம் சொல்லும்வரை காத்திராதே

அன்புள்ள வாலு,

இங்கே நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், முழங்கால்தான் சண்டை போடுகிறது, நீ சௌக்கியம் என்று சேதி வந்தால்தான் எனக்குச் சௌக்கியம். போனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால் மருந்துக்கடைக்காரரை எழுதச் சொல்லியிருக்கிறேன், "மூச்சு விட்டுச் சொல்லுங்க பெரியவரே" என்கிறார்.

துறைமுகப் பாலம் இடிந்த வருஷம், உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்த வருஷம், நீ பத்தாவது எழுதிய வருஷம், அந்த வருஷம்தான் உன் அண்ணன் போனான். சுற்றுலாக்காரர்களை ஆழத்துக்குக் கூட்டிப்போய் மீன் காட்டிவிட்டு நம் படகில் ஏறியவன் தோளைப் பிடித்துக்கொண்டான். "சிலிண்டர் தூக்கினதுப்பா, ஒண்ணுமில்ல" என்றான். மறுபடி இறங்கினான், கீழே வலியே இல்லையாம். "தண்ணிக்குள்ளயே குடித்தனம் வச்சிடலாம் போல" என்றான், படகோட்டி மொட்டையும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். கீழே போனால் விடுகிற வலி வெறும் சதைப்பிடிப்பு என்றுதான் எங்கள் படகுகளில் எல்லாரும் நம்பினோம். ரத்தத்தில் ஊறிய காற்று மேலே வரும்போது குமிழியாகிறது, ஆழத்தின் அழுத்தத்தில் அடங்கிக் கிடக்கிறது என்பதெல்லாம் பின்னால் நீ படித்து வந்து சொன்னதுதான். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், எல்லாம் சரியாயிருக்கிறது, சுளுக்குதான் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தவனுக்குக் கால் இரண்டும் விளங்காமல் போயிற்று. காற்றழுத்தம் ஏற்றி அந்தக் குமிழியைக் கரைக்கிற அழுத்த அறை இருக்கிற ஊர் போய்ச் சேருமுன் மூச்சு நின்றுவிட்டது.

அந்த நோயை ரத்தத்தில் கண்டுபிடிக்க நீ வழி தேடுவது எனக்குப் பெருமைதான் தாயே. ஆனால் நல்லபடியாக ஏறி வந்தவர்கள் ரத்தமும் மாறித்தான் இருக்கிறது, நோய்ப்பட்டவர் ரத்தத்தை இன்னும் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். அதே கடிதத்தின் கடைசியில், ஆராய்ச்சிக்காக நீயும் முழுகினாயாம், தோள் வலித்ததாம், ரத்தம் சரியாயிருந்ததால் படுத்துத் தூங்கிவிட்டாயாம். விளையாட்டாகத்தான் எழுதியிருந்தாய். இன்னொரு தடவை படியுங்கள் என்று மருந்துக்கடைக்காரரிடம் கேட்டேன், வேண்டாம் பெரியவரே என்று மடித்து என் கையில் கொடுத்துவிட்டார்.

வேலையை விடு என்று சொல்லமாட்டேன். வலித்தால் முதலில் அழுத்த அறைக்குப் போ, ரத்தம் அப்புறம் பேசட்டும். வயிறாரச் சாப்பிடு, நீ தேடுவது உன் கைக்குக் கிடைக்கட்டும், நூறு வயசு இரு. உன் அம்மா போனாள், மொட்டையும் போன மாதம் போய்ச் சேர்ந்தான்.

இப்படிக்கு,
அப்பா. இந்தச் சொல்லால் என்னைக் கூப்பிட மிச்சமிருப்பது நீ ஒருத்திதான், வாலு.