மண்டியிட்டு மேய்ந்த கிடா

என் செல்லத் தம்பி குமாருக்கு,

மார்கழி மழை இந்த வருஷம் நம் பட்டியை விட்டுவைக்கவில்லை. நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பு வயல்களெல்லாம் தண்ணீரில் நின்றன. உன் செம்மறிகள் சேற்றில் நின்றன. முதலில் ஒரு பெட்டை நொண்டியது. அடுத்த வாரம் பாதிப் பட்டி நொண்டியது. நீ இருந்திருந்தால் முதல் ஆடு காலைத் தூக்கியபோதே பிரித்துக் கட்டியிருப்பாய். மாரடைப்பில் நீ போன ஆனியிலிருந்து, லீவு கிடைக்கும்போதெல்லாம் சிதம்பரத்திலிருந்து வந்துவிடுகிறேன். இருந்தாலும் நான் வந்து போகிறவள்தானே?

டாக்டரம்மா வந்து ஒவ்வொன்றாகக் காலைத் தூக்கிப் பார்த்தார். குளம்பு இடுக்கு வெந்துபோய், அழுகின வாடை. மடிந்து வளர்ந்த குளம்பைச் சீவி, மயில்துத்தம் கரைத்த தண்ணீரில் நிற்கவைத்து, பிறகு காய்ந்த தரையில் கட்டச் சொன்னார். உன்னைக் கட்டிக்கொண்டு வந்த செல்வி பகலில் கரும்பு வெட்டப் போய்விடுகிறாள். அதனால் மருந்து என் பொறுப்பானது. லீவை நீட்டிக்கொண்டு செய்தேன். ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் செய்தேன்.

அந்த ஒன்று எது என்று உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு ஆபரேஷன் நடந்தபோது, அக்கா நல்லபடியாக வீடு வந்தால் முனீஸ்வரனுக்குக் கிடா வெட்டுகிறேன் என்று நேர்ந்துகொண்டு, பால் மறந்த குட்டி ஒன்றின் கழுத்தில் மஞ்சள் துணி கட்டினாயே, அதுதான். நான் வீடு வந்தேன். குட்டி கிடாவானது. நேர்ந்துகொண்ட நீதான் இல்லை. வரும் மாசியில் எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று செல்வி சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கிடாவும் நொண்டத் தொடங்கிய அன்று பூசாரி அந்தப் பக்கம் வந்தார். "காலு ஊனமா இருந்தா சாமிக்கு ஆகாதும்மா. தேறுனா ஓட்டியாங்க, இல்லன்னா வுட்டுடுங்க" என்றார். அந்தக் கடைசி வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

எனக்காக ஒரு உயிர் போக வேண்டாம் என்று நினைத்தேன், குமார். ஏற்கெனவே ஒன்று போய்விட்டது என்று எனக்குள் ஒரு எண்ணம் இருக்கிறது. அதை யாரிடம் சொல்ல? கிடாவைத் தனியாக வேலிக்குப் பின்னால் கட்டினேன். துத்தத் தண்ணீரில் இறக்கவில்லை. சாயங்காலம் வரும்போது செல்வி கேட்பாள், "கிடாவுக்கு மருந்து வுட்டீங்களா அண்ணி?"

"வுட்டேன்டி" என்பேன். நாக்கு கூசவேயில்லை.

மற்றவை தேறின. ஒரு காலையில் தழை போடப் போனபோது கிடா முன்னங்கால் இரண்டையும் மடக்கி, மண்டியிட்டு மேய்ந்துகொண்டிருந்தது. குளம்பை ஊன்ற முடியாமல் முட்டியாலேயே நகர்ந்தது. முட்டியில் முடி உதிர்ந்து தோல் சிவந்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து ஓடப் பார்த்தது, முடியவில்லை. எந்த உயிரை நான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்?

அன்று செல்வி வேலைக்குப் போகவில்லை. என் பின்னாலேயே வந்தவள் குனிந்து காலைத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னா அண்ணி இது? கத்தியே படல இதுல."

"நல்லாயிட்டா வெட்டிடுவீங்கன்னுதான்..."

"அதுக்கு உயிரோட அழுகவுடுவியா? வேணாம்னா வேணாம்னு வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான?" முதல்முறையாக என்னை ஒருமையில் கேட்டாள்.

"சொன்னா நீ ஒத்துக்குவியாடி?"

"மாட்டேன். சண்டதான் போட்டிருப்பேன். அவுரு குடுத்த வாக்கு அது. தவறிப்போயி புள்ளைங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சின்னா?"

நீ விட்டுப்போன பயத்தையெல்லாம் அவள் ஒருத்தியே சுமக்கிறாள். அவளோடு சண்டை போடும் தைரியம்கூட எனக்கு இல்லை. நான் சொல்ல வேண்டியதை அந்த வாயில்லா ஜீவனின் காலைச் சொல்லவைத்தேன்.

செல்வி கிடாவைப் பிடித்து உட்காரவைத்துக்கொள்ள, நான் குளம்பைச் சீவினேன். சீழ் வடிந்தது. கிடா அலறியது. "கத்து, நல்லா கத்து. எங்க அண்ணிய நாலு கேள்வி கேளு" என்றாள் அதனிடம்.

"கிடாவுக்குப் பதிலா நான் முடி எறக்குறேன்டி" என்றேன்.

"சாமி கறி கேட்டா நீங்க மசுரு குடுப்பீங்களா?" என்று சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "மாசில கோயிலுக்கு வந்து நீங்களே சொல்லுங்க. நான் ஒத்துக்க மாட்டேன். ஆனா தடுக்கவும் மாட்டேன்" என்றாள்.

இப்போது தினமும் துத்தத் தண்ணீரில் நிற்கவைக்கிறேன். இன்னமும் என் கையைக் கண்டால் மிரள்கிறது. நேற்று நின்றபடியே கொஞ்சம் தழை தின்றது.

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன், தம்பி. அதன் கால் முழுசாகத் தேறும். எந்தச் சாமியும் குறை சொல்ல முடியாத கிடாவாக அதைக் கோயில்வரை நடத்திக் கூட்டிப்போவேன். அங்கே நின்று, வேண்டாம் என்று எல்லோரும் கேட்கச் சொல்வேன். முனீஸ்வரனுக்குக் கோபம் என்றால் செல்வியின் பக்கம் திரும்ப வேண்டாம், சிதம்பரத்தில் என் வாசலுக்கு வரட்டும். உனக்குக் கோபம் என்றால்?

நீ வேண்டிக்கொண்டு பிழைக்கவைத்த
உன் அக்கா,
விஜயா