களாக்காய்க்கு ஒரு புள்ளி

ஜூலை 3

இன்று முதல் தட்டுகளுக்குச் சீட்டு எழுதுவது நான்தான். அறுபத்தேழு வயதில் கிடைத்த பதவி. ஆய்வுக்கூடத்தில் களா கழுவுகிறவனுக்கு எழுத்து வந்துவிட்டதென்று ஆய்வாளரம்மாவிடம் யார் சொன்னார்களோ! நான்தான் சொன்னேன். மூன்று தடவை.

எல்லாமே களா என்பதால் ‘பழம்’, ‘காய்’ என்று எழுதினால் போதுமாம். பழமென்றால் பெட்டிக்காரரிடம், உலர்த்தும் பெட்டிக்குப் போகும். காயைப் பச்சையாகவே அரைக்க வேண்டும். யாரும் சீண்டாத புதர்க்காய். அதை எரிசாராயத்தில் ஊறவைத்து, உடம்புக்கு நல்லதான ஏதோ சத்தை வடிக்கிறார்கள். குடிக்கிற சாராயம் இல்லை. மோந்து பார்த்துவிட்டேன்.

ஜூலை 4

பதினாறு சீட்டு. கை வலி. சந்தோஷம்.

ஜூலை 8

ஒரு தட்டுக் காய் சுக்காகிக் கிடந்தது. இந்தப் பருவத்தின் கடைசிக் காய். பெட்டிக்காரர் உலர்த்திவிட்டாராம். சீட்டைப் பார்த்தேன். ‘காய’ என்றிருந்தது. காய வைக்கச் சொல்லியிருக்கிறது என்று நினைத்திருக்கிறார் — யார்தான் நினைக்க மாட்டார்? என் எழுத்துதான். புள்ளியை விட்டிருக்கிறேன்.

அறையில் யாரும் இல்லை. பேனா சட்டைப் பையில் இருந்தது. புள்ளியை வைத்துவிட்டேன்.

ஜூலை 9

ஆய்வாளரம்மா சீட்டைக் காட்டிப் பெட்டிக்காரரைக் கேட்டார்.

“நேத்து இந்தப் புள்ளி இல்லம்மா.”

யாரும் நம்பவில்லை. பெட்டிக்காரர் என்னைப் பார்த்தார். நான் தட்டு கழுவினேன். திங்கட்கிழமை முதல் அவர் வர வேண்டாமாம்.

சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “கைநாட்டா இருந்தப்ப நல்லாத்தானே தின்னீங்க” என்றாள்.

ஜூலை 10

சொல்லிவிட்டேன். ஆய்வாளரம்மா பதிவேட்டை என் பக்கம் தள்ளி, என்னையே எழுதச் சொன்னார். எழுதினேன்: ‘காய் என்பதைக் காய என்று எழுதியது நான். புள்ளியைப் பிறகு வைத்ததும் நான்.’ அடித்தல் திருத்தல் இல்லை. பச்சைக்காய்ச் சோதனை இனி அடுத்த வருடம்தான்.

பெட்டிக்காரர் திங்கட்கிழமையும் வரலாமாம். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“பெரியவரே, ஒரு புள்ளிய வச்சு என் பொழப்புக்கே முற்றுப்புள்ளி வைக்கப் பாத்தீங்களே.”

சிரிக்காமல் சொன்னார்.

ஜூலை 15

காய்ந்த காயையும் வீணாக்காமல் ஊறவைத்தார்கள். சத்து வந்ததாம். கொஞ்சம்தானாம்.

சீட்டு எழுதுவது இப்போது பெட்டிக்காரர். எனக்குக் கழுவும் வேலை மட்டும். ஐந்து நாளாக முகம் கொடுத்துப் பேசாதவர், மதியம் ஒரு சீட்டை நீட்டினார்.

“சரியா இருக்கா, பாருங்க.”

‘பழம்’. சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தேன்.