மொனாக்கோவைப் பார்த்து வந்தவளுக்கு

நேற்று மாலை நம் ஊர் கியாக்டடா பகுதியில் ஓர் அலுவலகத்தின் ஜெனரேட்டரைப் பழுது பார்த்துவிட்டு, சூலே பகோடாவுக்குப் பின்னால் இருக்கும் டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். டிவியில் கார்ப் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. நாலைந்து இளைஞர்கள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். கார்கள் மலைச்சரிவில் வளைந்து இறங்கி, ஒரு சுரங்கப் பாதைக்குள் புகுந்து, சட்டென்று கடலோர வெயிலுக்குள் வந்தன. அந்த வெயிலைப் பார்த்ததும் எந்த ஊர் என்று தெரிந்துவிட்டது.

மொனாக்கோ வந்தபோது அதே சாலையைக் கடக்க நீ என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். வந்துகொண்டிருந்த கார் தானாக நின்றது. நீ நகரவில்லை. "நமக்காகவா நிக்குது?" என்று கேட்டாய். "ஆமா, நட" என்றேன். பாதி தூரம் போனதும் அந்த ஓட்டுநருக்குக் கை கூப்பிவிட்டு மீதியை ஓடிக் கடந்தாய்.

உனக்குச் சொல்ல வேண்டும் என்று நினைப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. இளைஞர்கள் உச்சுக்கொட்டிக்கொண்டு எழுந்து போனார்கள். பேசுவதற்கு நீ இல்லாததால் இதை எழுதுகிறேன்.

நான் பர்மாவை விட்டுப் போய் அந்தத் துறைமுகத்தில் ஒரு பணக்காரரின் உல்லாசப் படகில் எஞ்சின் அறை வேலைக்குச் சேர்ந்தபோது, அந்த நாட்டின் அளவைக் கேட்டு நீ சிரித்தது ஞாபகம் இருக்கிறது. "தின்கன்ஜூன்ல நம்ம வீட்டை விட்டுக் கிளம்பி, மார்க்கெட்டுக்குப் போய் வர்ற நேரத்துல ஒரு நாட்டையே நடந்து முடிச்சிடலாமா? அதுக்கு ஒரு ராஜா வேறயா?" என்று போனில் கேட்டாய். ராஜா இல்லை, இளவரசர் என்றேன். "நாடு சின்னதா இருந்தா பட்டமும் சின்னதாத்தான் இருக்கும்" என்றாய். அதன் பிறகு வாரா வாரம் அந்த ஊரைப் பற்றிக் கேட்பாய். நானும் சொல்லுவேன். மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்ட ஒரு துண்டு நிலம், அதன் மேல் அடுக்கடுக்காக வீடுகள், ரயில் நிலையம்கூடப் பாறைக்குள்ளே. நீ அதை அப்படியே அடுத்த வீட்டு டோ கின்னிடம் போய்ச் சொல்லுவாய். நான் சொன்னதற்கு மேலேயும் சேர்த்துச் சொல்லியிருப்பாய்.

நோய்த்தொற்று வருவதற்கு முந்தைய வருடம், தீபாவளி முடிந்த கையோடு நீயே வந்தாய். நம் மகள் மீனாவை என் அக்காவிடம் விட்டுவிட்டு, ஒற்றைப் பெட்டியோடு, தனக்கா மரச்சாந்து பூசிய முகத்தோடு, பக்கத்துப் பிரான்சின் விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவைத் தாண்டி வந்தாய். இரண்டு வாரம்தான் விசா.

முதல் நாளே உனக்கு ஏமாற்றம். நான் தங்கியிருந்த அறை மொனாக்கோவில் இல்லை. என்னைப் போன்றவர்கள் அங்கே குடியிருக்க முடியாது என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும். மலைமேல் பிரான்சுக்குள் ஒரு பழைய கட்டடம், மூன்றாம் மாடி. ஆனால் அந்தத் தெருவின் எதிர்ச் சாரி மொனாக்கோ. மறுநாள் காலை நீ தெரு நடுவில் கால்களை அகட்டி நின்றுகொண்டு, "இந்தக் கால் பிரான்ஸ், இந்தக் கால் மொனாக்கோ. பாஸ்போர்ட் கேக்க ஒருத்தரும் வரலியே!" என்றாய். ரொட்டி வாங்கப் போன ஒரு கிழவர் உன்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

அந்த ஊரில் உனக்கு மிகவும் பிடித்தவை லிஃப்டுகள். ஒரு தெருவில் ஏறினால் மேல் தெருவில் கொண்டுபோய் விடும். யார் வேண்டுமானாலும் ஏறலாம், காசு கிடையாது. நம் கட்டடத்தில் ஐந்து மாடியும் தண்ணீர்க் குடத்தோடு ஏறியவள் நீ. ஒரு நாள் காரணமே இல்லாமல் மேலும் கீழுமாக எத்தனையோ முறை போய் வந்தாய். "கரண்டே போகாதா இங்க?" என்று கேட்டாய். நான் அங்கிருந்தவரை ஒரு முறைகூடப் போனதில்லை என்றேன். நீ நம்பவில்லை.

எல்லாரும் படம் எடுக்கும் சூதாட்ட மாளிகைக்கு முன்னால் உன்னை உட்கார வைத்தேன். வாசலில் நின்ற கார்களை நீ பார்க்கவே இல்லை, புல்தரையைத்தான் பார்த்தாய். அந்த ஊர்க் குடிமக்கள் உள்ளே போய்ச் சூதாடக் கூடாது என்பது சட்டம் என்று சொன்னேன். நீ வாய்விட்டுச் சிரித்தாய். "வீட்டு ஆளுங்க தோத்துடக் கூடாது, விருந்தாளி தோக்கலாம். நல்ல புத்திசாலிங்க."

காலையில் என்னோடு ரயில் நிலையம் வரை வந்தாயே, அதையும் நான் மறக்கவில்லை. பிரான்சிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்த ரயில்கள் ஆட்களைக் கொட்டின. சமையல்காரர்கள், துப்புரவு செய்பவர்கள், பாங்கு குமாஸ்தாக்கள், கட்டட வேலைக்காரர்கள். எல்லாரும் ஒரே திசையில் வேகமாக நடந்தார்கள். நீ ஓரமாக நின்று பார்த்துவிட்டு, "இது எங்க டாலா ஃபெர்ரி" என்றாய். நீ பிறந்தது ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில். உன் தகப்பனார் அந்தப் படகில்தான் தினமும் துறைமுக வேலைக்கு வந்து போனார். "காலையில வந்து ஊரைக் கழுவி விட்டுட்டு, சாயங்காலம் அக்கரைக்குப் போயிடணும். எங்கயும் ஒண்ணுதான்" என்றாய். உன் குரலில் கோபம் இல்லை. தெரிந்தவர்களைப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது.

உன்னை மாற்றியது, பாறைமேல் இருக்கும் பழைய ஊர். அரண்மனையைப் பார்த்துவிட்டு வரும் வழியில் ஒரு சந்துச் சுவரைக் காட்டி, "தெருப் பேர் ரெண்டு தடவை எழுதியிருக்கே, ஏன்?" என்று கேட்டாய். நான் அந்தப் பலகையை அதுவரை கவனித்ததே இல்லை. பக்கத்தில் மண்பாண்டக் கடை வைத்திருந்த பெண்ணிடம் என் அரைகுறை பிரெஞ்சில் கேட்டேன். அவள் அந்த ஊரிலேயே பிறந்தவள். ஒன்று பிரெஞ்சு, இன்னொன்று எங்கள் சொந்த மொழி என்றாள். அவளுடைய பெற்றோர் அதை அவளிடம் பேசியதில்லையாம். பள்ளிக்கூடத்தில்தான் படித்தாளாம். இப்போது அவள் மகன் அவளைத் திருத்துகிறானாம்.

"அந்தம்மா என்ன சொல்லுச்சு?" என்று என் கையை இழுத்தாய். சொன்னேன்.

"எத்தனை பேர் பேசுமாம்?"

"கொஞ்சப் பேர்தானாம். அதை விட்டுட்டா எங்களுக்கு விலாசம் மட்டும்தான் மிஞ்சும்கிறா."

நீ அந்தக் கடையில் ஒன்றும் வாங்கவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். பிறகு சொன்னாய்: "நம்ம மீனா நான் தமிழ்ல கேட்டா பர்மால பதில் சொல்லுது. எனக்கே பாதித் தமிழ்தான், அதுவும் உங்களைக் கட்டிக்கிட்டப்புறம் வந்தது. இருக்கட்டும். இனிமே வீட்டுல தமிழ்தான். தப்போ ரைட்டோ."

நீ கிளம்புவதற்கு முந்தின நாள் துறைமுகத்துக்கு மேலே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். தூரத்தில் கடலைத் தூர்த்துப் புது நிலம் உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய கிரேன்கள் மிதவைகளில் நின்றன. "டாலாவுல அவ்வளவு நிலம் சும்மா கிடக்கு. கேட்டிருந்தா குடுத்திருப்போமே" என்று சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. உன்னோடு அப்படியே ஊருக்கு வந்துவிடுகிறேன் என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். கேப்டனிடம் அன்று காலையே பேசியிருந்தேன், அவரும் சரி என்றிருந்தார்.

நீதான் தடுத்தாய். எஞ்சினியர் பரீட்சை எழுத எனக்கு இன்னும் ஒரு வருடக் கடல் வேலை பாக்கி இருந்தது. "இவ்வளவு நாள் இருந்துட்டு அரைகுறையா வருவீங்களா? ஒரு வருஷம்தானே. முடிச்சிட்டே வாங்க. நான் எங்க போயிடப் போறேன்?"

நான் தலையாட்டினேன். எத்தனையோ முறை அந்தப் பெஞ்சுக்கு மனதால் திரும்பிப் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் நீ அதையேதான் சொல்கிறாய். ஒவ்வொரு முறையும் அது நியாயமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் ஆறவில்லை. யாரையாவது திட்ட முடிந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அடுத்த வருடம் விமானங்கள் நின்றன. அதற்கும் அடுத்த வருடம் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, நம் ஊரில் எல்லாமே நின்றது. மழைக்காலத்தில் நம் தெருவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல் என்று அக்கா சொன்னாள். பிறகு உனக்கும் என்றாள். ஆக்சிஜன் சிலிண்டருக்காக அக்கா வீட்டுக்காரர் ஊரெல்லாம் அலைந்தார். ஒன்று கிடைத்தது. அது போதவில்லை.

நான் அங்கே படகின் மேல்தளத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு மத்தியானம், உனக்குச் சாயங்காலம். நீ மூச்சுக்கு மூச்சு நிறுத்திப் பேசினாய்.

"நீங்க பேசுங்க. நான் கேக்கறேன்."

கண் முன்னால் இருந்ததைச் சொன்னேன். பக்கத்துப் படகைக் குழாய் வைத்துக் கழுவுகிறார்கள், மேலே லிஃப்டிலிருந்து ஒரு பெண் குழந்தையோடு வெளியே வருகிறாள், மலை உச்சியில் மேகம் இருக்கிறது என்றேன்.

"அந்த நிலம்... முடிஞ்சுடுச்சா?"

"இல்ல. இன்னும் நடக்குது."

"இன்னும் எவ்வளவு இடம்தான் வேணுமாம்" என்றாய். சிரித்தாய் என்றுதான் நினைக்கிறேன், இருமலில் சரியாகக் கேட்கவில்லை. மறுநாள் அக்கா அழைத்தாள். என் பெயரை மட்டும் சொன்னாள்.

சிறப்பு விமானத்தில் இடம் கிடைத்து நான் வந்து சேர மாதங்கள் ஆயின. உன்னை எங்கே எரித்தார்கள் என்பதை அக்கா வீட்டுக்காரர் கூட்டிப்போய்க் காட்டினார். நான் அந்தப் பரீட்சையை எழுதவில்லை. ஒரு வருடக் கணக்கு முடிந்துதான் இருந்தது, ஆனாலும் எழுதவில்லை. இந்த ஊரில் ஜெனரேட்டர்களுக்குப் பஞ்சமில்லை, வேலை இருக்கிறது.

நான் வீட்டுக்குள் நுழைந்த அன்று மீனா கதவோரம் நின்றாள். பர்மிய மொழியில் ஏதாவது சொல்லுவாள் என்று நினைத்தேன். அவள் அக்காவைப் பார்த்து, "அத்தை, அப்பா வந்துச்சு" என்றாள்.

உன் தமிழ். பர்மிய மொழியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஆட்டுக்கும் ஒரே வினைதான். அதனால் உன் தமிழில் வந்தார், வந்தாள் எல்லாம் கிடையாது. எல்லாரும் 'வந்துச்சு'தான். அந்த இரண்டு வருடம் நீ அவளிடம் ஓயாமல் பேசியிருக்கிறாய். அவளுக்கு இப்போது பதினைந்து வயது. தமிழ் தடையில்லாமல் வருகிறது, உன் பிழைகள் ஒன்றுவிடாமல். என் தகப்பனார் இருந்திருந்தால் உட்கார வைத்துத் திருத்தியிருப்பார். நான் திருத்தவில்லை.

போன வெள்ளிக்கிழமை கோயிலில் ஒரு பெரியவர் அவள் பேசுவதைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார். "இந்தக் காலத்துல இவ்வளவு தமிழ் பேசுதே பிள்ளை. யாருப்பா சொல்லிக் குடுத்தது?"

"அதோட அம்மா சொல்லிக் குடுத்துச்சுங்க" என்றேன்.

அவர் ஒரு மாதிரி பார்த்தார். "சொல்லிக் குடுத்தாங்கன்னு சொல்லு தம்பி. உனக்குமா மறந்து போச்சு?"

நான் தலையாட்டிவிட்டு வந்தேன். தின்கன்ஜூன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மீனா என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். நான் அதையே இன்னொரு முறை, எனக்கு மட்டும் கேட்கும்படி, உன்னைப் போலவே சொல்லிப் பார்த்தேன்.