பத்தடிக் குழாய்

மாப்ளே,

இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று நான் முன்னமே சொன்னேன். நீ எனக்கு முன்னால் போவாய், உன் பீர் ஃபிரிட்ஜ் என் கராஜுக்கு வந்து சேரும், அதை ஓட்ட நம் மான்மவுத் ஜங்ஷன் ஊர் முழுக்க என்னை விட்டால் ஆள் இருக்காது. மூன்றும் பலித்துவிட்டது. முதலாவது மட்டும் பலிக்காமல் இருந்திருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மனைவி அதை வேனில் ஏற்றி அனுப்பினாள். "அண்ணா, நீங்களே வெச்சுக்கோங்க. இங்க யாரு குடிக்கப் போறா?" என்றாள். கதவைத் திறந்தேன். ஊறின பார்லியும் ரப்பரும் கலந்த அதே வாசனை. உள்ளே, பீப்பாயிலிருந்து வெளிக்குழாய்க்குப் போகும் அந்தப் பத்தடி பிளாஸ்டிக் குழாய், உன் கையால் வளையம் வளையமாய்ச் சுற்றி, இரண்டு இடத்தில் கட்டுப் போட்டபடி. எனக்கு அழுகை வரவில்லை. பழைய பொறாமைதான் வந்தது. செத்தவன்மேல் பொறாமைப்படுகிற ஆளை நீ பார்த்ததில்லையே, பார்த்துக்கொள்.

நாம் இருவரும் ஒரே மாதத்தில்தான் இந்தப் பீர் ஃபிரிட்ஜ் பைத்தியத்தில் இறங்கினோம். நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டாலும் ஆயிரம் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்த்தவன். ஆயிரம் என்றால் ஒரு நாற்பது இருக்கும். நீயோ லேப்டாப் தட்டுகிறவன். நியாயப்படி பீர் யாருக்கு வசப்பட வேண்டும்?

என் வீட்டில் குழாயைத் திறந்தால் நுரை கூரையைத் தொட்டது. என் மனைவி குடை எடுத்து வந்தாள். "பீர் ஃபிரிட்ஜா வாங்கினீங்க? வாஷிங் மெஷினா?" என்றாள். நானும் முதலில் நுரைதான் பெருமை என்று நினைத்து, டிகிரி காபி ஆற்றுகிற மாதிரி டம்ளரை ஒரு முழம் கீழே பிடித்தேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "டேய், இது காபி இல்லடா, ஆத்தாத! சாய்ச்சு ஒட்டிப் பிடி."

பீப்பாயிலிருந்து பீரைத் தள்ளுகிற கேஸைக் குறைத்தேன். முதல் டம்ளர் அடங்கி வந்தது. இரண்டே நாளில் பீர் உயிர் செத்து, நுரை மட்டும் மிச்சம். கேஸைக் கூட்டினேன், ஷவர். நீயோ ஃபிரிட்ஜுக்குள் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து அதில் தெர்மாமீட்டரைப் போட்டாய். "காத்து பொய் சொல்லும், தண்ணி சொல்லாது" என்றாய். குளிர் முப்பத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட், கேஸ் அழுத்தம் பன்னிரண்டு பவுண்டு. "ஒரு நாளைக்கு ஒண்ணத்தான் திருகணும் மாப்ளே. ரெண்டையும் திருகினா எது கெடுத்துச்சுன்னு எப்படித் தெரியும்?"

எல்லாம் சரி. ஆனால் பத்தடிக் குழாய் யார் யோசனை? பக்கத்து ஊர் எடிசன் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும், என் யோசனை. உன் வீட்டுப் பின்புறம் நடந்த அந்தப் பார்ட்டியில், இரண்டு விரல் நுரையோடு தங்கம் மாதிரி உன் பீர் இறங்க, ஊரே கைதட்டியபோது நான்தான் உரக்கச் சொன்னேன்: "அவசரமா வர்றவனப் பத்தடி நடக்க விடு, வாசலுக்கு வர்றதுக்குள்ள கோபம் தணிஞ்சிரும்னு இவனுக்கு நான் சொல்லிக் குடுத்தேன்!" யாரோ ஒரு பையன், "அப்ப உங்க வீட்டுக் குழாய் ஏன் அங்கிள் மூணடி?" என்று கேட்டான். "வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு" என்று சமாளித்தேன். நீ என்னை ஒரு நொடி பார்த்தாய். பிறகு, "ஆமா, இவன் சொல்லித்தான்" என்று எனக்கே முதல் டம்ளரை நீட்டினாய்.

ஞாயிறன்று உன் ஃபிரிட்ஜில் புதுப் பீப்பாயை மாட்டி, குளிர ஒரு நாள் விட்டு, திங்களன்று ஒரு டம்ளர் பிடித்தேன். நான் எதையும் தொடாமலே தங்கம் மாதிரி வந்தது. பொறுக்கவில்லை மாப்ளே. குளிரையும் கேஸையும் ஒரே நாளில் திருகினேன். செவ்வாயன்று கராஜ் முழுக்க நுரை. முழங்கால் போட்டுத் துடைத்துவிட்டு, முப்பத்தெட்டுக்கும் பன்னிரண்டுக்கும் திரும்ப வந்தேன்.

துடைத்து முடிக்கும்போது உன் மகள் நிவி போன் பண்ணினாள். சனிக்கிழமை உன் பிறந்தநாளுக்கு எல்லாரும் என் வீட்டில் கூடுகிறோம், உன் பீரில் ஆளுக்கு ஒரு டம்ளர். "அங்கிள், ஐ வான்ட் டு டெல் த டென் ஃபீட் ஸ்டோரி. அப்பா ஆல்வேஸ் செட் இட் வாஸ் யுவர் ஐடியா."

ஆல்வேஸ் என்றாள், என் யோசனை என்றுதான் எப்போதும் சொன்னாயாம். பார்ட்டியில் என் மானத்தைக் காத்தாய், சரி. வீட்டுக்குள், பெற்ற மகளிடமுமா? இப்போது எனக்குப் பீர்மேல்கூடப் பொறாமை இல்லை. அப்படி விட்டுக்கொடுக்கிற மனசு எனக்கு வரவில்லையே, அதன்மேல்தான்.

நாளைக்கு நிவியைக் கூப்பிட்டுச் சொல்லப் போகிறேன். அதற்கு முன் உன்னிடம் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். நடக்க விடச் சொன்னதும் நீ, பத்தடி என்றதும் நீ.

நான் சொன்னது, மூன்றடி போதும் என்று.