இன்னைக்குப் பூரி, நாளைக்குப் போ

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அடுப்படி ஜன்னலைத் திறந்தேன். எதிர்வீட்டில் பூரி பொரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த எண்ணெய் வாசம் என்னைச் சேலத்துக்கு, நம் கல்லூரி விடுதியின் சாப்பாட்டுக்கூடத்து வாசலுக்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டது. நீ கண்மூடிய பிறகு வருகிற முதல் ஆடி இது; நாம் விடுதியில் சேர்ந்ததும் ஓர் ஆடியில்தான்.

ராசிபுரத்தில் தறிச்சத்தத்தோடு தூங்கிப் பழகியவள் நான். விடுதியின் அமைதி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சேர்ந்த சில நாட்களிலேயே படிப்பு வேண்டாமென்று பெட்டியைக் கட்டினேன். வீட்டுக்குப் போனால் திரும்ப அனுப்பமாட்டார்கள். அத்தை மகனுக்கு என்று அப்போதே பேசி வைத்திருந்தார்கள். அது உனக்கும் தெரியும். பக்கத்துக் கட்டில்காரியான நீ புத்திமதி எதுவும் சொல்லவில்லை.

"போறதுதான் போற, நாளைக்குப் போ சாமி. இன்னைக்குப் பூரி" என்றாய்.

மறுநாள் சப்பாத்தி குருமா என்றாய். அதற்கடுத்த நாள் கேசரி என்றாய், வந்தது உப்புமா. நான் முறைத்தேன்.

"நானென்னடி பண்ணுவேன், சமையக்காரக்கா ஏமாத்திட்டாங்க. ஞாயித்துக்கெழமை முட்டை. நாமக்கல் பக்கத்துக்காரி சொல்றேன், முட்டை விசயத்துல பொய் சொல்லமாட்டேன்."

வராந்தாவில் தலை பின்னிக்கொண்டிருக்கும் பெண்களெல்லாம், இன்றைக்கும் போகவில்லையா என்று தினமும் கேலி பேச ஆரம்பித்தார்கள். பதில் சொல்லிச் சொல்லியே அவர்களோடு பழகிவிட்டேன். கட்டிய பெட்டியிலிருந்து ஒவ்வொரு துணியாக எடுத்து உடுத்தியதில், ஒருநாள் அது காலியாகியிருந்தது.

படிப்பு முடிந்து பேருந்து நிலையத்தில் பிரியும்போதுதான் சொன்னாய்.

"எனக்கும் மொத வாரமே ஊட்டுக்கு ஓடிரலாம்னுதான்டி இருந்துச்சு. உன்னைய நிறுத்தோணும்னு பேசிப் பேசி நானும் நின்னுட்டேன்."

நான் வாங்கிய பட்டம், பார்க்கிற ஆசிரியர் வேலை, நானே பார்த்துச் சம்மதித்த கல்யாணம், எல்லாம் அந்தச் சில நாட்களில் நீ கொடுத்தவை. மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது இதைச் சொல்ல வாயெடுத்தேன். நீயோ அங்கே தரும் இட்லியைத் திட்டத் தொடங்கி, என்னையும் சிரிக்க வைத்து அனுப்பிவிட்டாய். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

நாமக்கல்லில் நான் வேலை செய்யும் பள்ளியில், மாணவியர் விடுதிக் காப்பாளராக வரச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அங்கேயே தங்கவேண்டும் என்பதால் மறுத்து வந்தேன். ஞாயிறு மாலை பெற்றோர் கிளம்பிய பிறகு, புதுப் பிள்ளைகள் வாசல் கேட்டின் கம்பியைப் பிடித்தபடி நிற்பார்கள். ஞாயிறு சிறப்பு வகுப்பு முடித்து, அவர்களைக் கடந்துதான் நான் வண்டியில் வீட்டுக்கு வருவேன்.

திங்கட்கிழமை சம்மதம் சொல்லப்போகிறேன். வீட்டில் அவரிடம்கூட இன்னும் பேசவில்லை.