தாயின் பெயருக்குப் பதில் என் பெயர்

அனுப்புநர்:
கமலவல்லி பராசரன் (வயது 61),
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
வடக்குச் சித்திரை வீதி,
ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
நல்லம்மை நினைவுக் குழந்தைகள் மருத்துவமனை,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: புற்றுநோய் வார்டில் சிகிச்சை பெற்று 16.01.2025 அன்று இறந்த குழந்தை தேவதர்ஷினி (வயது 6) – விசாரணைக் குறிப்பில் தாயின் மீது எழுதப்பட்டுள்ள குற்றம் – அதைச் செய்தவர் இம்மனுதாரரே என்பதால் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக விசாரணைக் குறிப்பு, நாள் 20.01.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். புகார் மனு என்றால் எழுதுபவர் ஒருவராகவும் தவறு செய்தவர் இன்னொருவராகவும் இருப்பதே வழக்கம். இந்த மனுவில் இருவரும் நானே. அதனால் இதன் அமைப்பில் ஏதும் முறை தவறியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. நான் 'தளிர்க்கரம்' தன்னார்வக் குழுவில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். தங்கள் வார்டின் பதினான்கு கட்டில்களுக்கும் எங்கள் குழு துணை நிற்பதைத் தாங்கள் அறிவீர்கள். கே.கே. நகர் மதுசூதன் பிளேட்லெட் கொடையாளர்களைத் திரட்டுகிறார். கூப்பிட்டால் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து படுத்துக் கை நீட்டும் நாற்பது பேர் அவரிடம் இருக்கிறார்கள். மற்றவர்கள் சாப்பாடும் வெந்நீரும் கொண்டுவருகிறோம். குடும்பத்துக்கு ஒருவர் என்று எங்களுக்குள் பிரித்துக்கொள்வோம். அந்தக் குடும்பம் குணமாகியோ ஆகாமலோ ஊர் திரும்பும்வரை அது அவருடைய பொறுப்பு. தேவதர்ஷினியின் குடும்பம் என் பொறுப்பில் இருந்தது.

2. வார்டு வாசலில் ஒட்டியிருக்கும் 'உள்ளே கொண்டுவரக் கூடாதவை' என்ற பட்டியல் என் கையெழுத்தில் உள்ளது. பச்சைக் காய்கறி, தோலுடன் தின்னும் பழம், பூ, தயிர், வெளித் தண்ணீர், விபூதி, குங்குமம், கோயில் கயிறு. கிருமி என்றால் என்ன என்று இருபத்தேழு வருடம் வகுப்பெடுத்தவள் என்பதால் அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். புதிதாக வரும் தன்னார்வலர்களுக்குக் கை கழுவச் சொல்லிக் கொடுப்பதும் நான்தான். முதுகுக்குப் பின்னால் என்னை 'சோப்பு மிஸ்' என்பார்கள். அது காதில் விழும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கும்.

3. குழந்தையின் தாய் பானுப்ரியா லால்குடிக்கு அருகே ஒரு கிராமத்தைச் சேர்ந்தவர். கணவர் சரத்குமார் நெல் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறார். எட்டு மாத மகனை மாமியார் வெள்ளையம்மாளிடம் விட்டுவிட்டு, கடந்த செப்டம்பரில் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார் பானுப்ரியா. நான் பார்த்த தாய்மார்களில் இவ்வளவு கவனமானவர் வேறு எவரும் இல்லை. கரண்டியை ஒவ்வொரு முறையும் வெந்நீரில் போட்டு எடுப்பார். கட்டில் கம்பியைத் துடைத்துத் துடைத்து அதன் வெள்ளைப் பூச்சு ஒரு பக்கம் போய்விட்டது. இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு.

4. நவம்பர் மாதத்தில் ஒருநாள் அவருடைய குலதெய்வக் கோயிலிலிருந்து விபூதிப் பொட்டலம் ஒன்று வந்தது. குழந்தையின் நெற்றியில் இடலாமா என்று என்னிடம் வந்து கேட்டார். அந்தக் கோயிலில் எத்தனை பேர் கை பட்டிருக்கும் தெரியுமா என்று அத்தனை பேர் முன்னிலையில் பத்து நிமிடம் பாடம் நடத்தினேன். அவர் பொட்டலத்தைக் கொண்டுபோய் வராண்டாவில் இருந்த பையில் வைத்துவிட்டார். மகள் இறக்கும்வரை அது அந்தப் பையிலேயே இருந்தது.

5. வார்டின் வடக்கு ஜன்னலில் நின்றால் ராஜகோபுரத்தின் தலைப்பகுதி தெரியும். நான் அங்கிருந்து வருகிறேன் என்று தெரிந்த நாள் முதல் தேவதர்ஷினிக்கு நான் 'கோபுரத்து மிஸ்'. உள்ளே யார் இருக்கிறார் என்று கேட்டாள்; பெருமாள் படுத்திருக்கிறார் என்றேன். அவருக்கும் காய்ச்சலா என்று கேட்டாள். இல்லை, பாம்புப் படுக்கையில் சும்மாதான் படுத்திருக்கிறார் என்றதும், பாம்பு மேலே படுத்தால் குத்தாதா என்று கவலைப்பட்டாள். வைகுண்ட ஏகாதசிக்கு இரண்டு நாள் முன்பு, எல்லாரும் அவரைப் பார்க்க வருவார்கள் என்று நான் சொல்லப்போக, "நான் வர முடியாதுல்ல மிஸ், அவர வரச் சொல்லுங்க" என்றாள். ஐயா, அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் புத்தி போய்விட்டது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

6. 11.01.2025 சனிக்கிழமை காலை, பெருமாளைச் சேவித்துவிட்டு, சிறிய வெள்ளிக் கிண்ணத்தில் தீர்த்தமும் ஒரு துளசி இலையும் எடுத்துக்கொண்டு வார்டுக்கு வந்தேன். ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டிய வெள்ளணு எண்ணிக்கை அன்று குழந்தைக்கு முந்நூறு. கட்டில் அட்டையில் எழுதியிருந்தது, நான் படித்தேன். பணியில் இருந்த செவிலியர் அல்ஷிஃபா எதிர்ப்பக்கம் ஒரு குழந்தைக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார். வெளியிலிருந்து வருபவர்களின் பைகளை அவர் சோதிப்பார். என் பையைச் சோதித்ததில்லை. பானுப்ரியா வெந்நீர் பிடிக்கப் போயிருந்தார். பெருமாள் வந்திருக்கிறார் என்று சொல்லி, ஒரு கரண்டி தீர்த்தமும் பாதி துளசியும் குழந்தையின் வாயில் கொடுத்தேன். மீதிப் பாதியைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

7. திரும்பி வந்த பானுப்ரியா கிண்ணத்தைப் பார்த்தார். "இது பரவால்லீங்களா மிஸ்?" என்று கேட்டார். அந்த அறையில் அன்று அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவரே. பெருமாள் தீர்த்தம், ஒன்றும் செய்யாது என்றேன். அவர்கள் சாமியின் விபூதியில் கிருமியைக் கண்ட என் கண்ணுக்கு என் சாமியின் தீர்த்தத்தில் அது தெரியவில்லை. நான் எழுதிய பட்டியலிலும் விபூதி இருக்கிறது, குங்குமம் இருக்கிறது; தீர்த்தமும் துளசியும் இல்லை. அவை எனக்கு வெளிப்பொருளாகவே படவில்லை.

8. 13ஆம் தேதி, போகியன்று காலை, காய்ச்சல் கண்டது. படுக்கை விரிப்பை மாற்றும்போது தலையணை உறைக்குள் வாடிய பாதித் துளசி கிடைத்தது. பெருமாள் போய்விடக் கூடாது என்று உள்ளே வைத்திருந்தாளாம். ஊரெல்லாம் பொங்கல் வைத்த நாளில் அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். மதுசூதன் அனுப்பிய ஏழு பேர் வரிசையாக வந்து பிளேட்லெட் கொடுத்தார்கள். 16ஆம் தேதி பிற்பகல் இறந்துவிட்டாள். துளசியை யார் கொடுத்தது என்று மருத்துவர் கேட்டபோது, நான் நான்கடி தூரத்தில் நின்றிருந்தேன். பானுப்ரியா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "நாந்தாங்க குடுத்தேன்" என்றார். நான் வாய் திறக்கவில்லை.

9. 20ஆம் தேதி விசாரணையில் அதுவே பதிவாயிற்று. 'தாயின் கவனக்குறைவால் தடைசெய்யப்பட்ட வெளிப்பொருள் கொடுக்கப்பட்டது. தாயே ஒப்புக்கொண்டார்' என்பது அந்த வரி. கண்காணிக்கத் தவறியதாக அல்ஷிஃபாவுக்கு மெமோ கொடுத்து, காட்டூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து அந்தக் குழந்தைகளையே கதி என்று கிடந்த பெண்ணைப் புறநோயாளர் பிரிவுக்கு மாற்றிவிட்டீர்கள். உண்மையைச் சொன்னால் குழுவுக்கு அனுமதி போய்விடும், மீதிப் பதின்மூன்று குழந்தைகளை நினைத்துப் பாருங்கள் மாமி என்று மதுசூதன் கெஞ்சினார். அதனால்தான் பேசாமல் இருந்தேன் என்று எழுதினால் பாதிதான் உண்மை. ஒன்பது வருடமாகச் சேர்த்த நல்ல பெயர் போய்விடுமே என்ற பயம் மீதிப் பாதி.

10. முப்பதாம் நாள் குழந்தையின் பொருள்களை வீட்டில் கொண்டு சேர்ப்பது எங்கள் குழுவின் வழக்கம். 14.02.2025 அன்று அவளுடைய வண்ணப் பென்சில்களையும் கம்பளித் தொப்பியையும் எடுத்துக்கொண்டு போனேன். பானுப்ரியா அங்கே இல்லை. மருத்துவமனையில் கொடுத்த காகிதங்களைச் சரத்குமாரின் தம்பி, வீட்டார் எல்லாரும் கேட்க, உரக்கப் படித்திருக்கிறார். மேற்படி வரி வந்ததும் வெள்ளையம்மாள் எழுந்துபோய்ப் பேரனைத் தூக்கிக்கொண்டாராம். அன்று மாலையே பானுப்ரியாவைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மகனை உடன் அனுப்பவில்லை. ஒன்றைக் கொன்றவளிடம் இன்னொன்றை எப்படி விடுவது என்று கேட்கிறார்கள். சரத்குமார் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியூர் போய்விட்டார்.

11. அந்த வீட்டுக் கூடத்தில் நின்று, துளசியைக் கொடுத்தது நான்தான் என்று சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். வெள்ளையம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்குப் பெரிய மனசுங்க. எங்க மருமவளைக் காப்பாத்தறதுக்காக இப்படிச் சொல்றீங்க. தாளு பொய் சொல்லுமாங்க?" என்றார். காபி கொடுத்தார். எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றிய கை என்று அக்கம்பக்கத்தாரிடம் என் கையைக் காட்டினார். நான் செய்த தொண்டு எல்லாம் சேர்ந்து அன்று என் உண்மையைப் பொய்யாக்கிவிட்டது.

12. அங்கிருந்து பானுப்ரியாவின் தாய்வீட்டுக்குப் போனேன். பழியை ஏன் ஏற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். "நீங்கல்லாம் வரக் கூடாதுன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டா மத்தப் புள்ளைங்களுக்கு யாருங்க ரத்தம் கொண்டாருவா? எம்புள்ளதான் போயிருச்சு" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மகன் இப்போது இரண்டு அடி எடுத்து வைக்கிறானாமே, பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டார். பார்த்தேன் என்றேன். எப்படி நடக்கிறான் என்று மூன்று முறை சொல்லச் சொன்னார்.

13. அந்தத் துளசிதான் காரணம் என்று அறுதியிட முடியாது, வெள்ளணு இல்லாத உடம்பில் கிருமி எங்கிருந்தும் வரலாம் என்று தங்கள் மருத்துவர் என்னிடம் கூறினார். இருக்கலாம். எனக்கு அது நிம்மதி தரவில்லை. தர வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. ஆனால் காரணத்தை அறுதியிட முடியாது என்றால், பெற்றவளை மட்டும் எப்படி அறுதியிட்டு எழுதினீர்கள் என்பதைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே நான் பணிவுடன் கோருவது:

'தாயின் கவனக்குறைவால்' என்ற சொற்களை நீக்கி, அங்கே என் பெயரை எழுத வேண்டும். 'தாய் ஐயம் எழுப்பிக் கேட்டார்' என்பதையும் சேர்க்க வேண்டும். அல்ஷிஃபாவுக்குக் கொடுத்த மெமோவைத் திரும்பப் பெற்று, அவரை மீண்டும் அந்த வார்டுக்கே அனுப்ப வேண்டும். நடவடிக்கை எதுவானாலும் என் ஒருத்தி மீது எடுங்கள். இனி வார்டுக்குள் வரக் கூடாது என்றாலும், காவல்துறைக்கு எழுதினாலும் கட்டுப்படுவேன். எங்கள் குழுவையும் கொடையாளர்களையும் தடுத்துவிடாதீர்கள். நேற்றுக்கூட மூன்று பேர் பிளேட்லெட் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் குழந்தைகள் எந்தத் தவறும் செய்யவில்லை. வாசலில் உள்ள பட்டியலில் தீர்த்தம், துளசி என்ற இரண்டையும் வேறு யார் கையாலாவது எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. திருத்திய குறிப்பைத் தங்கள் கையொப்பத்துடனும் முத்திரையுடனும், முன்பு போலவே தமிழில் தர வேண்டும். நானே லால்குடிக்கு எடுத்துச் செல்கிறேன். வெள்ளையம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. முன்பு படித்தவரே அதையும் உரக்கப் படிப்பார். என் பெயர் கொஞ்சம் நீளம். படிக்கிறவர் தடுமாறினால் கேட்கிறவருக்குச் சந்தேகம் வரும். தயவுசெய்து அதைப் பெரிய எழுத்தில், பிரித்துப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். அந்தப் பையன் முழுதாக நடக்கத் தொடங்குவதற்குள் கிடைத்தால், அவன் தன் அம்மாவை நோக்கி நடப்பான்.

இணைப்பு: விசாரணைக் குறிப்பின் நகல், இம்மனுதாரரின் கையொப்பமிட்ட ஒப்புதல் வாக்குமூலம்.

இடம்: ஸ்ரீரங்கம்
நாள்: 24.02.2025

இப்படிக்கு,
குற்றத்தைச் செய்தவரும் புகார் அளிப்பவருமான,

(ஒப்பம்)
கமலவல்லி பராசரன்